அம்மா அப்பாவின் ஃபோனில் கூட உட்கார்ந்து மாற்ற வேண்டிய செட்டிங்ஸ்

மாடித்தோட்டம்

அம்மாவுக்கு 68 வயது. தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறார். பொங்கலுக்குப் போனபோது புது ஆண்ட்ராய்டு ஃபோன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கடையிலேயே சிம்மை மாற்றி, வாட்ஸ்அப் ஏற்றி, பழைய ஃபோனிலிருந்த எண்களையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். வேலை முடிந்தது என்று நானும் சென்னைக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டே வாரத்தில் மூன்று சங்கதிகள். பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு துண்டாகிவிடுகிறது. "நீதான் வைத்துவிடுகிறாய்" என்று அம்மாவுக்கு என் மேல் வருத்தம். அப்புறம், மணிக்கொரு தரம் "உங்கள் ஃபோனில் வைரஸ்" என்று சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு. மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கியது. தெரிந்த ஒருவரின் எண்ணிலிருந்து "கல்யாணப் பத்திரிகை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. அம்மா திறக்கப் பார்த்தபோது ஃபோன் ஏதோ அனுமதி கேட்டிருக்கிறது. புரியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டியிருக்கிறார். அவள் பார்த்துத் தடுத்துவிட்டாள். பத்திரிகை என்ற பெயரில் வந்தது ஏபிகே கோப்பு, அதாவது ஒரு செயலி. அனுப்பியவரின் வாட்ஸ்அப் ஏற்கெனவே வேறு யாரோ கைக்குப் போயிருந்தது.

போன சனிக்கிழமை ஊருக்குப் போய், அம்மாவோடு திண்ணையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன். செய்ததை எழுதுகிறேன். விட்டுப்போனதை மற்றவர்கள் சொல்லுங்கள்.

அழைப்பு துண்டானதற்குக் காரணம் பவர் பட்டன். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் "பவர் பட்டனை அழுத்தினால் அழைப்பு முடியும்" என்று ஒரு வசதி உண்டு. அது ஆனில் இருந்தது. அம்மா ஃபோனைப் பிடிக்கும் பிடியில் கட்டைவிரல் சரியாக அந்தப் பட்டன் மேல்தான் விழுகிறது. ஆஃப் செய்தேன், தீர்ந்தது.

வைரஸ் அறிவிப்பு குரோமிலிருந்து வந்தது. ஏதோ சமையல் குறிப்புப் பக்கம் "அனுமதிக்கவா" என்று கேட்டபோது அம்மா சரி என்று தொட்டிருக்கிறார். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். அம்மா ஃபோனில் ஒன்பது இருந்தன. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று மேலேயே அணைத்துவிட்டேன்.

ஏபிகே விஷயத்துக்கு: செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், அதற்குள் "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்". ஃபோனுக்கு ஃபோன் இடம் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் மேலேயே தேடும் பெட்டியில் தட்டினால் வந்துவிடும். ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த அனுமதி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக இருக்கிறது. வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றும் அனுமதி இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அம்மா ஃபோனில் ஃபைல்ஸுக்கு அனுமதி இருந்தது. கடையில் ஏதோ ஏற்றியபோது கொடுத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள்.

சர்வீஸ்மேசை

திருச்சியில் 11 வருடமாக ஃபோன் பழுது பார்க்கிறேன் அக்கா. நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எங்கள் கடைக்கு வரும் பெரியவர்களில் பலருக்கு அதுதான் பெரிய தலைவலி: கூகுள் கணக்கு.

ஃபோன் விற்கிற இடத்தில் அவசரத்துக்கு ஒரு ஜிமெயில் உருவாக்கி, கடவுச்சொல்லாக ஏதோ ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். அதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆறு மாதம் கழித்துப் பெரியவர் திரைப்பூட்டை மறந்துவிட்டு வருவார். ஃபோனை முழுசாக அழித்தாலும் பழைய கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும். எஃப்ஆர்பி என்பார்கள். திருடனுக்காக 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து வந்த பூட்டு அது. நல்ல பூட்டுதான். ஆனால் சொந்தக்காரரே வெளியே நிற்கும்போது பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. போன மாதம் ஒரு பாட்டி, இறந்துபோன கணவரின் படங்கள் அந்த ஃபோனில் மட்டும்தான் இருக்கின்றன என்றார். என்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

அதனால் முதலில் செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குப் போய் எந்தக் கணக்கு என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றி, வீட்டில் ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். கணக்கை மீட்கும் எண்ணாக உங்கள் எண்ணையும் கொடுங்கள். தொலைந்த ஃபோனில் இருக்கிற அதே எண்ணை மட்டும் கொடுத்தால் அவசரத்துக்கு உதவாது.

கைரேகை பற்றியும் ஒன்று. பாத்திரம் துலக்கியும் வயல் வேலை செய்தும் ரேகை தேய்ந்த கைகளுக்கு சென்சார் சரியாக வேலை செய்யாது. வலது கட்டைவிரலையே இரண்டு தடவை, இரண்டு விரல்கள் போலப் பதிவு செய்யுங்கள். ஒரு தடவை நுனியை வைத்து, இன்னொரு தடவை பக்கவாட்டை வைத்து. பெரும்பாலும் சரியாகிவிடும். திரை அணையும் நேரத்தை 30 நொடியிலிருந்து 2 நிமிடமாக்கிவிடுங்கள். பாதி படிக்கும்போதே இருட்டாகிவிடுகிறது என்பதற்காகத்தான் பலர் பூட்டே வேண்டாம் என்கிறார்கள்.

*#06# என்று டயல் செய்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், அந்த ஃபோனுக்கே உரிய அடையாள எண். இரண்டு சிம் ஃபோன் என்றால் இரண்டு எண்கள். அதையும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள். ஃபோன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் பதிந்தால் வேறு சிம் போட்டும் ஓட்ட முடியாதபடி முடக்கிவிடலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதும் அதே தளத்தில் தெரியும்.

கடல்தாண்டி

ஷார்ஜாவில் இருக்கிறேன். உங்களைப் போல் சனிக்கிழமை ஊருக்குப் போக முடியாது. அப்பாவுக்கு எல்லாமே ஃபோனில் சொல்லித்தான் செய்ய வேண்டும். "மூன்று புள்ளி எங்கே இருக்கிறது" என்று தேடுவதற்கே அரை மணி நேரம் ஆகும்.

வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே திரையைப் பகிரும் வசதி 2023-ல் வந்தது. இப்போது அதைத்தான் நம்பி இருக்கிறேன். அப்பா திரை எனக்குத் தெரியும், "கீழே, இன்னும் கீழே, அதைத் தொடுங்கள்" என்றால் போதும். குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதை "என் கான்டாக்ட்ஸ்" என்று மாற்றினோம். தெரியாத எண்ணிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்புகள் மணி அடிக்காதபடி பிரைவசியில் மாற்றினோம். அவை பட்டியலில் மட்டும் தெரியும், தேவையென்றால் அப்பா திருப்பி அழைத்துக்கொள்வார். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண்ணும் வைத்தாயிற்று. இந்த மூன்றும் பத்து நிமிட வேலை.

வங்கிமேசை

தம்பி, உங்கள் நிலைமை புரிகிறது. ஆனாலும் திரைப் பகிர்வை வழக்கமாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். பணத்தை இழந்துவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் பெரியவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "திரையைக் காட்டச் சொன்னார், காட்டினேன்." திரை பகிரப்பட்டிருக்கும்போது வருகிற ஓடிபி எதிர்முனையில் இருப்பவருக்கும் தெரியும். மகன் கேட்டால் காட்டிப் பழகிய கை, மகன் மாதிரி அன்பாகப் பேசுகிறவனுக்கும் காட்டிவிடும்.

கடல்தாண்டி

மேடம், அப்படிச் சொன்னால் எனக்கு வேறு வழியே இல்லையே. அப்பாவுக்கு உதவ அங்கே யாரும் கிடையாது.

வங்கிமேசை

வழி இருக்கிறது. உங்கள் எண்ணிலிருந்து நீங்கள் அழைத்தால் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முதலில் நீங்கள் சொல்ல வேண்டும். பழைய நாயின் பெயர், பாட்டி ஊர், எதுவானாலும் சரி. பகிர்வு ஓடும்போது வங்கிச் செயலியையோ மெசேஜையோ திறக்கவே கூடாது. முடிந்ததும் அப்பாவே நிறுத்த வேண்டும். நிறுத்துவது எப்படி என்பதைத்தான் முதலில் பழக்குங்கள்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் எண் தேவையே இல்லை. இதை ஒரு காகிதத்தில் எழுதி ஃபோன் உறைக்குள் வைத்தாலும் தகும். அப்புறம், பலருக்குத் தெரியாத ஒரு வசதி யுபிஐ சர்க்கிள், 2024-ல் வந்தது. உங்கள் கணக்கை முதன்மையாக வைத்து, அம்மாவை இரண்டாமவராகச் சேர்க்கலாம். முழு அனுமதி கொடுத்தால் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 15,000 ரூபாய் வரைதான் போகும். அதற்குள்ளும் நீங்களே ஓர் உச்சவரம்பு வைக்கலாம். பகுதி அனுமதி என்றால் ஒவ்வொரு தடவையும் உங்கள் ஃபோனுக்குக் கேட்டு வரும், நீங்கள் பின் போட்டால்தான் பணம் போகும். ஓய்வூதியம் மொத்தமும் இருக்கிற கணக்கைக் காய்கறிக் கடை க்யூஆர் கோடோடு இணைத்து வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆதாரில் பயோமெட்ரிக் பூட்டு போடுவதும் நல்லது. கைரேகையை வைத்துக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் மோசடி அதனால் நின்றுவிடும். ஆனால் பூட்டிய பிறகு ரேஷன் கடையில் விரல் வைத்தாலும் ஏற்காது. போகும் முன் ஆதார் செயலியில் தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் போக வேண்டும். இதைச் சொல்லாமல் பூட்டிவிட்டு வந்தால் அம்மா வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்புவார்.

பணம் போய்விட்டது என்றால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கிளை திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு.

ஓய்வாசிரியர்

எனக்கு 71 வயது, கும்பகோணம். நீங்கள் எல்லோரும் எங்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், அதனால் நானும் சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு வந்த என் மகன் என் ஃபோனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனான். அரை மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்து, "எல்லாம் சரி செய்துவிட்டேன்பா" என்றான். அன்பில் செய்ததுதான். ஆனால் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. கீழே இருந்த மூன்று பட்டன்களைக் காணோம், விரலால் இழுக்க வேண்டுமாம். எனக்கு விரல் நடுங்கும், இழுத்தால் வேறெங்கோ போகிறது. எழுத்தை மிகப் பெரிதாக்கியிருந்தான். அதில் "சரி", "வேண்டாம்" பொத்தான்களே திரைக்கு வெளியே போய்விட்டன. தமிழ்ச் சொற்கள் நீளம் வேறு, பாதி எழுத்து வெட்டுப்படுகிறது. எதை அமுக்குகிறோம் என்று தெரியாமல் அமுக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். பாதுகாப்புக்காகச் செய்தது எனக்கு ஆபத்தாகத்தான் ஆகியிருக்கும்.

பிறகு நானே ஒவ்வொன்றாகக் கற்றேன். நேவிகேஷன் மோட் என்ற இடத்தில் மூன்று பட்டன்களைத் திரும்பக் கொண்டுவரலாம். எழுத்தளவை உச்சத்திலிருந்து இரண்டு படி குறைத்து, தடித்த எழுத்தாக மாற்றிக்கொண்டேன். கண்ணுக்கு அதுவே போதும். எங்காவது மிகச் சிறிதாக இருந்தால் மேக்னிஃபிகேஷன் ஆன் செய்து, திரையை மூன்று முறை தட்டினால் அந்த இடம் மட்டும் பெரிதாகும். தமிழில் எழுதுவதற்கு விசைப்பலகையின் மைக்கைத் தொட்டுப் பேசுகிறேன். இந்தப் பதிவில் பாதி பேசித்தான் எழுதினேன், ஒற்றுப்பிழைகளைப் பிறகு திருத்திக்கொண்டேன்.

மொழி விஷயத்தில் ஒன்று. ஃபோன் முழுவதையும் தமிழுக்கு மாற்றினால் உதவி கேட்பது சிரமமாகிறது. கடைக்காரத் தம்பிக்கே எங்கே என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. ஆண்ட்ராய்டு 13 முதல் செயலிக்குச் செயலி மொழியைத் தனியாக வைக்கலாம். நான் செட்டிங்ஸை ஆங்கிலத்திலும் வாட்ஸ்அப்பைத் தமிழிலும் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளிடம் கேட்பது இதுதான்: மாற்றுங்கள், ஆனால் எங்கள் கையிலேயே ஃபோன் இருக்கட்டும். நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் தொடுகிறோம். நேரமாகும். பரவாயில்லை.

மாடித்தோட்டம்

ஐயா, இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. திண்ணையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன் என்று எழுதினேனே, அதில் மூன்று மணி நேரம் ஃபோன் என் கையில்தான் இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இன்று காலை அழைத்து, "ஏதாவது தொந்தரவாக இருக்கிறதா" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, காலையில் பார்க்கும் கோலப் படங்கள் இப்போது வருவதே இல்லை என்றார். இடம் நிறைகிறது என்று வாட்ஸ்அப்பில் தானியங்கி டவுன்லோடை நான்தான் முழுவதும் நிறுத்தியிருந்தேன். சொல்லவில்லை.

சர்வீஸ்மேசை

அதற்கு வழி சுலபம் அக்கா. செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் ஃபோட்டோவை மட்டும் வைஃபையிலும் மொபைல் டேட்டாவிலும் விட்டுவிட்டு, வீடியோவையும் கோப்புகளையும் நிறுத்துங்கள். கோப்புகள் தானாக இறங்காமல் இருப்பது ஏபிகே விஷயத்துக்கும் நல்லது. மாதம் ஒருமுறை மேனேஜ் ஸ்டோரேஜ் போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவையும், பலமுறை பகிரப்பட்டவையும் தனியாகக் காட்டும். அதிலிருந்து அம்மாவே அழித்துக்கொள்ளலாம். சாட்ஸ் பகுதியில் மீடியா விசிபிலிட்டியை அணைத்தால் பேரப்பிள்ளைகள் படங்களோடு கோலப் படங்கள் கலக்காது.

கூகுள் இடம் வேறு கணக்கு. 15 ஜிபி இலவசம், ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. இப்போது வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான் போய் உட்காருகிறது. வீடியோவைச் சேர்க்காமல் பேக்கப் எடுத்தால் வருடக்கணக்கில் தாங்கும்.

நெல்வயல்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். சிம்முக்கு பின் எண் வைக்கலாமா? ஃபோனைத் திருடியவன் சிம்மை எடுத்து வேறு ஃபோனில் போட்டு ஓடிபி வாங்கிவிடலாம் என்கிறார்களே.

சர்வீஸ்மேசை

உண்மைதான், நான் என் சிம்முக்கு வைத்திருக்கிறேன். ஆனால் மூன்று தடவை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு பியூகே என்ற திறப்பு எண்ணைக் கேட்கும். அதையும் பத்து தடவை தப்பாகப் போட்டால் சிம் செத்தது, புதுசுதான் வாங்க வேண்டும். ஃபோனை அணைத்துப் போடும்போதெல்லாம் கேட்கும். தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு, அவர்களே கேட்டால் ஒழிய, நான் வைத்துத் தருவதில்லை. இரவில் ஃபோன் தானாக அணைந்து எழுந்து, காலையில் யாருக்கும் அழைக்க முடியாமல் போனால் அது பெரிய விஷயம்.

அவசரம் என்றதும் ஞாபகம் வருகிறது. செட்டிங்ஸில் சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி என்ற இடத்தில் ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை, அழைக்க வேண்டிய எண் எல்லாம் போட்டு வைக்கலாம். பூட்டைத் திறக்காமலேயே மற்றவர்கள் பார்க்க முடியும். வழியில் மயங்கி விழுந்தவரின் ஃபோனை யாராவது எடுத்தால் உங்களைக் கூப்பிட முடியும்.

நெல்வயல்

நன்றி அண்ணா. அப்பாவுக்கு ஒரு மடிக்கணினியும் இருக்கிறது. அதிலும் இப்படிப் பார்க்க வேண்டியவை உண்டா?

பழையபைல்

மடிக்கணினி பற்றி நான் சொல்கிறேன், பட்டு அறிந்தவன்.

முதலில் விண்டோஸ் 10-ஆ 11-ஆ என்று பாருங்கள். 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கணினி பழையது, 11 ஏறாது என்றால், வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துத் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதியலாம்.

இரண்டாவது, என் வீட்டில் நடந்தது. அப்பாவின் மடிக்கணினியை பழுது பார்க்கக் கொடுத்தோம். மதர்போர்டை மாற்றித் தந்தார்கள். வீட்டில் கொண்டுவந்து போட்டால் நீலத் திரையில் 48 இலக்க பிட்லாக்கர் சாவி கேட்கிறது, வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி அது. இப்போதெல்லாம் பல புதுக் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததுமே வட்டு குறியாக்கம் ஆகிவிடுகிறது. அந்தக் கணக்கில்தான் சாவி இருக்கும். எங்கள் வீட்டில் அது விற்றவர் உருவாக்கிய கணக்கு. தங்கையின் வளைகாப்புப் படங்கள், அப்பா பத்து வருடமாகத் தட்டச்சு செய்த குலதெய்வக் கோயில் கணக்குகள், எல்லாம் போயின. சர்வீஸ்மேசை அண்ணன் சொன்ன அதே கதைதான், பெட்டி மட்டும் வேறு. இன்றைக்கே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து சாவியை நோட்டில் எழுதுங்கள், படங்களை ஒரு பென்டிரைவில் போடுங்கள்.

மூன்றாவது, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" ஆன் செய்யுங்கள். அது அணைந்திருந்தால் பெயருக்குப் பின்னால் இருக்கும் வால் தெரியாது. "பத்திரிகை.பிடிஎஃப்" என்று காட்டுவது உண்மையில் "பத்திரிகை.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" ஆக இருக்கலாம்.

திரை முழுவதும் நிறைத்து, சத்தம் போட்டு, "இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும் பக்கம் பிரவுசரில் ஓடும் வெறும் வலைப்பக்கம். எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பிறகு மூடிவிடலாம். அதற்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மற்றபடி அப்பாவுக்குப் பிடித்துப்போனது விண்டோஸ் விசையும் வி எழுத்தும். கடைசியாகக் காப்பி செய்த பலவும் வரிசையாக வரும், வேண்டியதை ஒட்டலாம். ஒருமுறை ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கடல்தாண்டி

நேற்று இரவு அப்பாவோடு வீட்டுச் சொல் ஒன்றை முடிவு செய்தோம். பகிர்வை நிறுத்துவதை ஐந்து தடவை செய்யச் சொன்னேன். ஆறாவது தடவை நான் சொல்வதற்கு முன்பே நிறுத்திவிட்டு, "போதும்டா, தூக்கம் வருகிறது" என்றார்.

மாடித்தோட்டம்

இன்று மறுபடி அம்மாவை அழைத்தேன். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, ஒவ்வொன்றாக அம்மாவே தொட்டு, ஃபோட்டோவை மட்டும் திரும்ப ஆன் செய்தார். 40 நிமிடம் ஆனது. நடுவில் ஒருமுறை தவறி விமானப் பயன்முறையைத் தொட்டுவிட்டார், அழைப்பு போய்விட்டது. இரண்டு நிமிடம் கழித்து அம்மாவிடமிருந்தே அழைப்பு வந்தது. யாரையும் கேட்காமல் தானே கண்டுபிடித்து அணைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கூகுள் கணக்கு. நோட்டு வாங்கி வைத்துவிட்டாராம்.